நம்ம வளவுச் சருகைக் கொழுத்த வேண்டாம்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள். ஊரைக் குறை சொல்ல எழுதவில்லை. என்னுடைய ஒரு தவறைச் சொல்லத்தான் தொடங்குகிறேன்.

எங்கள் வளவில் இரண்டு மாமரம், ஒரு பலா, ஒரு வேம்பு, நாலு தென்னை நிற்கின்றன. கச்சான் காற்று தொடங்கிவிட்டால் கிண்ணியாவில் முற்றம் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும், காலையில் கூட்டினால் பகலில் மறுபடி நிறைந்துவிடும். அஸர் தொழுதுவிட்டு முற்றம் கூட்டி, சருகை மதில் ஓரம் குவித்து, ஒரு நெருப்புக்குச்சி. மஃரிப் பாங்கு சொல்லும் நேரம் புகை அடங்கியிருக்கும். உம்மும்மா செய்தா, உம்மா செய்தா, நானும் செய்தேன். அது தவறு என்று ஒருநாளும் தோன்றியதில்லை. சுத்தமாக இருக்கிறோம் என்றுதான் நினைத்தேன்.

எங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் வீட்டுப் பிள்ளை நான் படிப்பிக்கும் பாடசாலையில்தான் படிக்கிறான். முட்டு வருத்தம் உள்ள பிள்ளை. புத்தகப் பையில் எப்போதும் இன்ஹேலர் இருக்கும். வாரத்தில் ஒருநாளாவது பிந்தி வருவான், அல்லது வரவே மாட்டான். "ஏன் மகன் லேட்?" என்று நானே பல முறை கேட்டிருக்கிறேன். பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டு நிற்பான்.

போன வருடம் ஒருநாள் அவனுடைய உம்மா மதில் ஓரம் வந்து நின்றா. பேசத் தயங்கினா. பிறகு சொன்னா: "டீச்சர், கோவிக்கக் கூடா. சொல்லக் கூடாதெண்டுதான் இவ்வளவு நாளும் இருந்தன். அந்திக்கு நீங்க சருகு கொழுத்துற நேரம் புள்ளைக்கு முட்டு கூடிருது. ராவைக்கு நித்திரை இல்ல."

எத்தனை வருடம் சொல்லாமல் இருந்திருக்கிறா! காரணம், இது டீச்சர் வீடு. வேறு யாராவது என்றால் சண்டை பிடித்திருப்பா. நான் அந்தப் பிள்ளையிடம் ஏன் பிந்தி வந்தாய் என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். காரணம் என் வீட்டு முற்றத்தில் இருந்திருக்கிறது.

அண்டை வீட்டாருக்குத் தொல்லை கொடுப்பவரின் ஈமான் பற்றி நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் எவ்வளவு கடுமையாக எச்சரித்தார்கள் என்பதை நாங்கள் வகுப்பில் படிப்பிக்கிறோம். தொல்லை என்றதும் எங்களுக்கு ஞாபகம் வருவது சத்தம், சண்டை, எல்லைத் தகராறு. புகை மதிலைத் தாண்டிப் போவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சருகு கொழுத்துவதில்லை. சென்ற பெருமாரியும் இந்த வருடக் கச்சானும் கடந்துவிட்டன. இந்தக் காலத்தில் நான் படித்துக்கொண்டதைத்தான் கீழே எழுதுகிறேன்.

முதலில் புகையைப் பற்றி. இலைதானே, இயற்கைதானே, அதில் என்ன விஷம் என்று நானும் நினைத்தேன். மெதுவாகப் புகைந்து எரியும் இலையிலிருந்து காபனோரொட்சைட்டு வருகிறது. கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய துகள்கள் வருகின்றன. புற்றுநோயை உண்டாக்கக்கூடிய சில இரசாயனங்களும் வருகின்றன. ஈரச் சருகு என்றால் புகை இன்னும் கூட. நுண்துகள் நுரையீரலின் அடி வரைக்கும் போய்ப் படிகிறது. சிறுபிள்ளைகள் தங்கள் உடல் எடைக்கு எங்களைவிடக் கூடுதலான காற்றை உள்ளிழுக்கிறார்கள் என்பதால் பாதிப்பும் அவர்களுக்குக் கூட.

இன்னொன்றையும் உண்மையாகப் பேசுவோம். நாங்கள் கொழுத்தும் குவியலில் வெறும் சருகா இருக்கிறது? டொபித் தாள், யோகட் கப், சொப்பிங் பை, பிள்ளை கிழித்துப் போட்ட பிளாஸ்டிக் விளையாட்டுச் சாமான் எல்லாம் சேர்ந்துதானே எரிகிறது. பிளாஸ்டிக் எரிந்தால் டயொக்சின் போன்ற நஞ்சுகள் வரும். குப்பையையும் பிளாஸ்டிக்கையும் திறந்த வெளியில் எரிப்பதைத் தடை செய்து 2017 செப்டம்பரில் வர்த்தமானி அறிவித்தலே வந்திருக்கிறது. எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சரி, கொழுத்தாமல் விட்டால் சருகை என்ன செய்வது? நான் முதலில் செய்தது முட்டாள்தனம். சருகைச் சாக்கில் கட்டி வாசலில் வைத்தேன், குப்பை வண்டி ஏற்றிக்கொண்டு போகட்டும் என்று. இரண்டு வாரத்தில் வெட்கமாகிவிட்டது. என் குப்பையை இன்னொருவர் தலையில் கட்டுகிறேன், அவ்வளவுதான்.

நாட்டில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 7,000 தொன் குப்பை சேருகிறது என்பார்கள். அதில் பாதிக்கு மேல் உக்கக்கூடியது: மரக்கறித் தோல், மிஞ்சிய சோறு, மீன் கழிவு, இலை, புல். இவ்வளவையும் ஓரிடத்தில் மலையாகக் குவித்தால் என்ன நடக்கும் என்பதை 2017 ஏப்ரல் 14 அன்று மீதொட்டமுல்லையில் பார்த்தோம். புத்தாண்டு தினத்தில் குப்பை மேடு சரிந்து வீடுகளை மூடியது. 30க்கு மேற்பட்ட உயிர்கள் போயின. அந்த மேட்டில் கிடந்தது கொழும்பு மக்கள் ஒவ்வொருவரும் பையில் கட்டி வாசலில் வைத்த குப்பைதான்.

எங்கள் மாவட்டத்திலும் உதாரணம் இருக்கிறது. திருகோணமலை நகரில் கோட்டைப் பக்கம் போனால் புள்ளிமான்கள் வீதியில் சாதாரணமாக நடமாடும். வெளியூர் ஆட்கள் நின்று படம் எடுப்பார்கள். அதே மான்கள் குப்பைப் பையைக் கிழித்துத் தின்பதையும் பார்த்திருக்கிறோம். மானுக்குப் பொலித்தீன் தின்ன ஆசையா? பைக்குள் இருக்கும் மரக்கறித் தோலும் சோறும் மணக்கிறது, பையோடு சேர்த்து விழுங்குகிறது. அந்தத் தோலும் சோறும் பைக்குள் போகாமல் இருந்தால் மானும் வராது, மாடும் வராது, நாயும் காகமும் பையைக் கிழித்து ஒழுங்கை முழுக்கப் பரப்பாது.

எனக்கு விஷயம் விளங்கியது இந்த இடத்தில்தான். எங்கள் வீட்டில் இரண்டு குப்பை இருக்கிறது. ஒன்று காய்ந்தது, சருகு. அதைக் கொழுத்துகிறோம். மற்றது ஈரமானது, குசினிக் கழிவு. அதைப் பையில் கட்டி வீசுகிறோம். இரண்டையும் தனித்தனியாக வைத்தால் இரண்டுமே தொல்லை. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால் இரண்டு தொல்லையும் இல்லை.

காரணம் இதுதான். இலைதழையை உக்க வைப்பவை நுண்ணங்கிகள். அவற்றுக்கும் சாப்பாடு அளவாக வேண்டும். ஒரு பங்கு நைதரசனுக்கு ஏறத்தாழ 30 பங்கு காபன் இருந்தால் அவை நன்றாக வேலை செய்யும். காய்ந்த சருகில் காபன் மிகக் கூட, ஒன்றுக்கு 50, 60 பங்கு வரும். அதனால்தான் வெறும் சருகுக் குவியல் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கிறது. குசினிக் கழிவில் நைதரசன் கூட, காபன் 15, 20 பங்குதான். ஈரமும் கூட, காற்றுப் போக இடமில்லை. அதனால்தான் நாறுகிறது. வெறும் சோற்றை மட்டும் சாப்பிட முடியாது, வெறும் கறியை மட்டும் குடிக்கவும் முடியாது. பிசைந்தால்தான் சாப்பாடு. இதுவும் அப்படித்தான்.

குசினிக் கழிவின் நாற்றத்துக்கு மருந்து சருகு. அந்த மருந்தைத்தான் நாங்கள் தினமும் அந்திக்கு நெருப்பு வைத்துக்கொண்டிருந்தோம்.

இதைச் சொன்னவுடன் ஊரில் நான் கேட்ட கேள்விகள் பல. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், ஏனென்றால் அவை நியாயமான கேள்விகள்.

முதலாவது, 2021. "கூட்டெரு" என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் விவசாயிகளுக்குக் கோபம் வரும். வராமல் எப்படி? 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே அடியில் நிறுத்தினார்கள். சேதனப் பசளை போடுங்கள் என்றார்கள். கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் என்று வேளாண்மையை நம்பியிருக்கும் குடும்பங்கள் அந்தப் பெரும்போகத்தில் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். சீனாவிலிருந்து கப்பலில் வந்த சேதனப் பசளையில் கிருமி இருக்கிறது என்று திருப்பி அனுப்பி, பிறகு அதற்கும் பணம் கட்டிய கதையும் நடந்தது. நவம்பரில் தடையை நீக்கினார்கள். அதற்குள் நட்டம் நடந்து முடிந்துவிட்டது.

இதில் ஒரு கணக்கைப் பாருங்கள். 50 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. நல்ல கூட்டெருவில் நூற்றுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு வீதம்தான் நைதரசன். ஆகவே ஒரு மூட்டை யூரியாவின் வேலையைச் செய்ய 2,300 கிலோ வரை கூட்டெரு வேண்டும். ஏக்கர் கணக்கில் வயல் வைத்திருப்பவர் ஒரு மாதத்தில் அவ்வளவுக்கும் எங்கே போவார்? பிழை இருந்தது அந்த உத்தரவில். கூட்டெருவில் பிழை இல்லை. நான் வயலைப் பற்றிப் பேசவில்லை. வீட்டு வளவில் ஆறு கத்தரிக் கன்று, ஒரு பாத்தி கீரை, நாலு தென்னை, ஒரு தேசி மரம். அதற்கு எங்கள் முற்றத்துச் சருகே தாராளம். யாரோ மேலிருந்து தவறாகச் செய்தார்கள் என்பதற்காக எங்கள் முற்றத்துக்கு நல்லதான ஒன்றை நாங்கள் வெறுக்கத் தேவையில்லை.

இரண்டாவது, நுளம்பு. "சருகு கொழுத்தினா நுளம்பு போகும்" என்று உம்மாவே என்னோடு வாதாடினா. கிண்ணியா ஆட்களுக்கு நுளம்பு விளையாட்டு விஷயம் இல்லை. 2017 மார்ச்சில் டெங்கு இந்த ஊரை என்ன செய்தது என்று யாரும் மறக்கவில்லை. உயிர்கள் போயின, பாடசாலைகளை மூடினோம், ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லாமல் பிள்ளைகளோடு அலைந்தோம். அந்த வருடம் நாடு முழுக்க 186,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளர்களாகப் பதிவானார்கள்.

ஆனால் புகை நுளம்பைக் கொல்வதில்லை. புகை இருக்கும்வரை விலகி நிற்கும், அடங்கியதும் திரும்பி வரும். சில நேரம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். டெங்கு நுளம்பு பிறப்பது தேங்கி நிற்கும் தண்ணீரில். சிரட்டை, யோகட் கப், டயர், பூச்சாடித் தட்டு, சருகு அடைத்துப்போன கூரைப் பீலி. முட்டையிலிருந்து நுளம்பாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். குசினிக் கழிவோடு கலந்து நாறும் குப்பைக்குள் கையை விட்டுச் சிரட்டையையும் கப்பையும் யாரும் பொறுக்க மாட்டார்கள். ஈரக் குப்பை தனியாகப் போய்விட்டால் மிச்சம் இருப்பது காய்ந்த, மணமில்லாத சாமான்கள். ஐந்து நிமிடத்தில் பிரிக்கலாம். எங்கள் வீட்டில் இப்போது பீலியில் அள்ளும் சருகும் அதே குவியலுக்குத்தான் போகிறது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சருகுக் குவியலில் டெங்கு நுளம்பு முட்டையிடாது, அதற்குத் தண்ணீர் தேங்க வேண்டும். ஆனால் குவியலை மூடும் பொலித்தீன் விரிப்பில் குழி விழுந்து தண்ணீர் நின்றால் அங்கே குடம்பி வரும். விரிப்பைச் சாய்வாகப் போடுங்கள்.

மூன்றாவது, பாம்பு. இந்தப் பயம் நியாயமானது. பாம்பு பெரும்பாலும் எலியைத் தேடித்தான் வருகிறது. எலி வருவது மேலே திறந்து கிடக்கும் சோற்றுக்கும் மீனுக்கும். சாப்பாட்டுக் கழிவை ஒருநாளும் மேலே விடாமல், நடுவில் குழி தோண்டிப் போட்டு அரை அடிக்குச் சருகால் மூடிவிட்டால் எலிக்கு வேலை இல்லை. குவியலை வீட்டுச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள், கிணற்றுப் பக்கமும் வேண்டாம். கிளறும்போது கையைப் போடாமல் மண்வெட்டி பாவியுங்கள். சின்னப் பிள்ளைகளை அந்த நேரம் கிட்ட விட வேண்டாம்.

நாலாவது, இடம். "உங்களுக்கு வளவு இருக்கு டீச்சர், நாங்க ஆறு பேர்ச்சில இருக்கிறம்" என்று ஒரு சகோதரி சொன்னா. உண்மைதான். சுனாமிக்குப் பிறகு கட்டிய வீடுகள் பலவற்றில் முற்றமே இல்லை. அப்படியானவர்களுக்கு 20 லீற்றர் பெயின்ட் வாளி இரண்டு போதும். அடியிலும் பக்கத்திலும் துளை போட்டு, செங்கல் மேல் வைத்து, ஒரு கைபிடி கழிவுக்கு மூன்று கைபிடி நொறுக்கிய சருகு என்று போட்டு வாருங்கள். ஒன்று நிறைந்ததும் மூடி வைத்துவிட்டு மற்றதைத் தொடங்குங்கள். சருகு இல்லையென்றால் பக்கத்து வீட்டில் கேளுங்கள், சந்தோஷமாகத் தருவார்கள்.

ஐந்தாவது, இது சகோதரிகள் என்னிடம் தனியாகச் சொன்னது. "இதுவும் எங்கட தலையிலதானே விழும்?" நியாயம். முற்றம் கூட்டுவது நாங்கள், குசினி பார்ப்பது நாங்கள், இனிக் குவியல் கிளறுவதும் நாங்களா? எங்கள் வீட்டில் நான் ஒரு நிபந்தனை போட்டேன். கூட்டிச் சேர்ப்பது நான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கிளறுவது அவர். ஜும்ஆவுக்கு முன் குளிக்கப் போகும் நேரத்தில் பத்து நிமிட வேலை. வாசிக்கும் சகோதரர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது செய்முறை. கல்வியியற் கல்லூரியில் படிக்கும்போது கூட்டெருக் குழி வெட்டிப் புள்ளி வாங்கியவள்தான் நான். ஆனால் அங்கே படித்தது புத்தகப்படி. எங்கள் ஊர்க் காலநிலைக்குச் சில மாற்றம் வேண்டும் என்பது செய்து பார்த்தபோதுதான் தெரிந்தது.

குழி வேண்டாம். மாரியில் எங்கள் ஊரில் ஒரு அடி தோண்டினாலே தண்ணீர். நிலத்துக்கு மேலேயே செய்யுங்கள். நாலு கம்பை மூன்று அடி இடைவெளியில் நட்டு, சுற்றிவரப் பழைய மீன் வலையைக் கட்டினோம். செலவு எதுவும் இல்லை. நாலு பக்கமும் காற்றுப் போகும். மூன்று அடி அகலம், மூன்று அடி உயரம் இருந்தால்தான் உள்ளே சூடு பிடிக்கும்.

அடியில் தடித்த சாமான்: தென்னை மட்டைத் துண்டு, காய்ந்த கம்பு. அதன் மேல் மூன்று கூடை சருகு, ஒரு கூடை பச்சை என்று மாறி மாறி. பச்சை என்பது மரக்கறித் தோல், வெட்டிய புல், வாழைத்தண்டு, கிளிசரியா இலை, தேயிலைச் சக்கை, முட்டைக் கோது. இடையிடையே ஒரு கை பழைய மண்ணோ ஆட்டுப் புழுக்கையோ மாட்டுச் சாணமோ தூவுங்கள். மா, பலா, கஜு இலைகள் தடிப்பானவை, உக்க நாள் எடுக்கும். போடும் முன் காலால் மிதித்தோ கத்தியால் கொத்தியோ நொறுக்கிவிட்டால் விரைவாக உக்கும். தென்னோலையைப் போட வேண்டாம், அது வேலிக்கும் அடுப்புக்கும் உதவும்.

கச்சான் காலத்தில் குவியல் காய்ந்துவிடும், காய்ந்தால் வேலை நின்றுவிடும். அரிசி கழுவிய தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர், வுழூச் செய்த தண்ணீரைப் பிடித்து அதற்கே ஊற்றுகிறோம். உள்ளிருந்து ஒரு பிடி எடுத்துக் கையால் பிழியுங்கள். ஓரிரண்டு துளி வந்தால் சரி. வராவிட்டால் தண்ணீர் தெளியுங்கள், ஒழுகினால் சருகு சேருங்கள். ஒக்டோபருக்குப் பிறகு மாரியில் பிரச்சினை எதிர்ப்பக்கம். மேலே சாய்வாகத் தகரமோ விரிப்போ போட வேண்டும். கச்சானில் விழும் சருகில் ஐந்தாறு சாக்கை நனையாமல் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். மாரியில் குசினிக் கழிவை மூடக் காய்ந்த சருகு கிடைக்காது, அப்போது அந்தச் சாக்குத்தான் கைகொடுக்கும்.

மீன் கழிவு எங்கள் ஊரின் பெரிய கேள்வி. தினமும் மீன் வெட்டும் ஊர். குடல், செதில், தலை எல்லாம் நைதரசன் நிறைந்த நல்ல சாமான்தான், ஆனால் பூனையும் நாயும் விடாது. அதைக் குவியலில் போடாமல், தென்னையடியில் ஒன்றரை அடி ஆழத்துக்குத் தோண்டிப் புதைத்து மேலே ஒரு கல்லை வையுங்கள். அந்தத் தென்னை உங்களுக்கு நன்றி சொல்லும்.

நன்றாக அமைந்தால் சில நாளில் நடுவில் கையை வைக்க முடியாத சூடு பிடிக்கும், 50 பாகைக்கு மேல். உம்மா முதல் தடவை அந்த ஆவியைப் பார்த்துவிட்டு "நெருப்பு வெச்சிட்டியா?" என்று பயந்துபோனா. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கிளறினால் மூன்று, நாலு மாதத்தில் தயார். கிளறாமல் விட்டாலும் ஆறேழு மாதத்தில் உக்கும், அவசரம் இல்லாதவர்கள் அப்படியே விடலாம். மூன்று அடிக் குவியல் ஒரு அடியாக இறங்கியிருக்கும். கறுப்பாக, உதிரியாக, முதல் மழை மண் போல மணக்கும். நாறினால் இன்னும் ஆகவில்லை என்று அர்த்தம், சருகு போட்டுக் கிளறுங்கள்.

எங்களுடையது மணல் தரை. ஊற்றும் தண்ணீர் நேரே கீழே போய்விடும், பசளையும் அதோடு போய்விடும். கூட்டெரு அந்த மணலில் பஞ்சு போல ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. எங்கள் கத்தரிப் பாத்திக்கு முன்பு காலையும் அந்தியும் தண்ணீர் விட்டோம். இப்போது ஒரு நேரம் போதுமாக இருக்கிறது. கொச்சிக்காயும் வெண்டியும் வீட்டுத் தேவைக்குக் காணும். பெரிய வருமானம் என்று பொய் சொல்ல மாட்டேன். கடையில் வாங்காத ஒரு கறி இருக்கிறது, அவ்வளவுதான்.

இது வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பு என்று நினைக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 12ஆம் நூற்றாண்டில் அந்தலூசியாவின் செவில் நகரில் வாழ்ந்த இப்னுல் அவ்வாம், தன்னுடைய கிதாபுல் ஃபிலாஹா என்ற விவசாய நூலில் எருவைப் பற்றித் தனியாகவே எழுதியிருக்கிறார். 1920களில் இந்தியாவின் இந்தூரில் வேலை செய்த அல்பேர்ட் ஹோவார்ட் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, அங்குள்ள விவசாயிகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டதைத்தான் "இந்தூர் முறை" என்று உலகத்துக்குச் சொன்னார். நாங்கள் மறந்ததை மற்றவர்கள் எழுதி வைத்தார்கள்.

ஊர் முழுக்கச் செய்ய முடியுமா என்று கேட்பவர்களுக்குக் கேரளாவின் ஆலப்புழையைச் சொல்வேன். எங்களைப் போலக் கடலும் நீரோடைகளும் உள்ள ஊர். நகரக் குப்பை கொண்டுபோய்க் கொட்டப்பட்ட கிராமத்து மக்கள் 2012இல் இனி இங்கே கொண்டுவர வேண்டாம் என்று மறித்தார்கள். குப்பை வீதியில் நாறியது. அதன் பிறகுதான் வீட்டுக்கு வீடு, தெருவுக்குத் தெரு சருகும் கழிவும் சேர்த்து உக்க வைக்கும் முறைக்கு நகரம் மாறியது. 2017இல் குப்பையைச் சரியாகக் கையாளும் உலக நகரங்களில் ஒன்றாக ஐ.நா. சுற்றாடல் அமைப்பே அதைக் குறிப்பிட்டது. ஒரு கிராமம் மறித்த பிறகுதான் அந்த நகரம் திருந்தியது. எங்கள் ஊரும் அந்த நாள் வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

முடிக்கும் முன் சில வேண்டுகோள்கள்.

எங்கள் தொழிலில் உள்ளவர்களுக்கு: சுற்றாடல் பாடத்தில் எரிக்கக் கூடாது என்று படிப்பித்துவிட்டு, சிரமதானம் முடிந்ததும் பாடசாலைப் பின்பக்கத்தில் நாங்களே கொழுத்துகிறோம். பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். பாடத்தைவிட அந்தப் புகைதான் அவர்கள் மனதில் நிற்கும். ஒரு மூலையில் நாலு கம்பும் ஒரு பழைய வலையும் போதும்.

பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கு: பள்ளி வளவுச் சருகையும் கொழுத்த வேண்டாம். ஒரு ஜும்ஆவிலாவது அண்டை வீட்டார் உரிமையில் புகையையும் சேர்த்துப் பேசுங்கள். ஹஜ்ஜுப் பெருநாளில் உழ்ஹிய்யாக் கழிவுகள் கடற்கரையிலும் பற்றைகளிலும் வீசப்படுவதை நிறுத்த ஒழுங்கு செய்யுங்கள். குடலுக்குள் இருக்கும் சாணம் சருகோடு சேர்ந்தால் முதல்தரப் பசளை. இரத்தத்தையும் மற்றக் கழிவுகளையும் ஆழமாகப் புதைக்க இடத்தை முன்கூட்டியே ஒதுக்கலாம். அல்லாஹ்வுக்காக அறுத்த பிராணியின் கழிவு நாறிக்கொண்டு கிடப்பது அழகில்லை.

சபைகளுக்கு: எல்லாக் குப்பையையும் ஒரே பையில் அள்ள வேண்டாம். காய்ந்த சாமான்களுக்கு ஒரு நாள் குறித்து, அந்த நாளில் தவறாமல் வாருங்கள். நாங்கள் பிரித்து வைத்ததை வண்டியில் ஒன்றாகக் கொட்டினால் அடுத்த வாரம் யாரும் பிரிக்க மாட்டார்கள்.

மற்ற எல்லோருக்கும் என் வேண்டுகோள் சின்னது. இன்று அந்திக்கு நெருப்புக்குச்சியை எடுக்கும் முன் மதிலுக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். பிள்ளைத்தாய்ச்சி இருக்கலாம், வயசான வாப்பா இருக்கலாம், முட்டு வருத்தக்காரப் பிள்ளை இருக்கலாம். அவர்கள் சொல்ல மாட்டார்கள். என்னிடம் எத்தனையோ வருடம் சொல்லவில்லை.

மதிலுக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு வருத்தம் முற்றாகப் போய்விடவில்லை. போய்விட்டது என்று எழுதினால் பதிவு அழகாக முடியும், ஆனால் பொய். ஒழுங்கையில் இன்னும் இரண்டு மூன்று வீட்டில் கொழுத்துகிறார்கள், அந்த நாட்களில் இப்போதும் பிந்தித்தான் வருகிறான். ஆனால் என்னுடைய புகையால் இல்லை. போன கிழமை எங்கள் கொச்சிக்காயில் ஒரு சுண்டு அவனுடைய உம்மாவுக்குக் கொடுத்தேன். அவ தன் வீட்டுச் சருகை ஒரு சாக்கில் கட்டி மதிலுக்கு மேலால் தந்தா, "இதையும் போடுங்க டீச்சர்" என்று.

குவியல் எப்படிச் செய்வதென்று பார்க்க விரும்புபவர்கள் எங்கள் வீட்டுக்கு வரலாம். அஸருக்குப் பிறகு முற்றத்தில்தான் இருப்பேன்.